நடுக்கதவுக்குப் பின்னால் இருந்தவர்

மணியை நான்தான் அடித்தேன்.

நடுக்கதவின் மேல்சட்டத்தில் தொங்கும் சின்ன வெண்கல மணி அது. கயிற்றை இரண்டு தடவை இழுத்தால் வெளி ஆண்கள் உள்ளே வருகிறார்கள் என்று பொருள். வீட்டுப் பெண்கள் கையில் இருக்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். எங்கள் அப்பா காலத்து வழக்கம்.

காலை பதினொரு மணி இருக்கும். நல்ல வெயில். வாசலில் ஜீப் நின்றது. வீட்டைப் பார்வையிட வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு முன்னால் உள்ளே போய்க் கயிற்றை இரண்டு தடவை இழுத்தேன்.

உள்ளே ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு வளையல் இல்லாத கை ஒன்று கதவை இழுத்துச் சாத்தியது. தாழ்ப்பாள் விழுந்தது.

அந்தக் கை என் அண்ணியுடையது. பெயர் கமலம். இறந்துபோன என் அண்ணனின் மனைவி. அந்த வீட்டில் அப்போது மிச்சமிருந்த ஒரே ஆள்.

சென்ற வாரம் கல்லூரி விடுதியின் புளித்த சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் கடிதம் போட்டிருந்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுத வேண்டும் என்றுதான் தொடரையே ஆரம்பித்தேன். மற்றதையெல்லாம் எழுதி எழுதி இதைத் தள்ளிப்போட்டுவந்தேன். எனக்கு எண்பது நெருங்குகிறது. இனித் தள்ளிப்போட இடமில்லை.

நெய்க்கார ஊடு

ராசிபுரத்தில் நாமக்கல் பஸ் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடும் ஊர். பெயர் வேண்டாம். அங்கே நூலகத்தில் இப்போது வேலை பார்க்கிறவர்களுக்கு என் பாவத்தில் பங்கில்லை.

அந்த ஊரில் "நெய்க்கார ஊடு எது?" என்று கேட்டால் இப்போதும் நூலகத்தைக் கைகாட்டுவார்கள். எங்கள் அப்பா கட்டிய வீடு. நடுவில் வானம் தெரியும் தொட்டிக்கட்டு. சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள். முன்கட்டு வியாபாரத்துக்கு, நடுக்கட்டு நெய் இருப்புக்கு, பின்கட்டு பெண்களுக்கு.

கொல்லிமலை அடிவாரத்து ஊர்களிலிருந்து மண் கலயங்களில் வெண்ணெயும் நெய்யும் வரும். அப்பா ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார். "இந்த மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வெக்கறீங்களா?" என்று கேட்பார். வந்தவர் வாயைப் பிளப்பார்.

அப்பாவின் மூக்கைப் பற்றி அந்த வட்டாரமே பேசியது. ஆனால் வீட்டின் பெயரைக் காப்பாற்றியது அண்ணியின் காது.

வெண்ணெய் உருக்குவது பின்கட்டில். முருங்கை இலை போட்டு உருக்குவார்கள். கொதி சடசடவென்று பேசும். பேச்சு அடங்கும் அந்த நொடியில் இறக்கினால் நெய் மணல் மணலாக உறையும். கொஞ்சம் தாமதித்தால் கருகிப்போகும். அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். திடீரென்று, "எறக்குங்க" என்பார். ஒருநாளும் தவறியதில்லை.

அந்த நெய்யை வாங்கிப்போன ஒருவரையும் அவர் பார்த்ததில்லை. அவர்களும் அவரைப் பார்த்ததில்லை. நடுவில் கதவு இருந்தது.

அண்ணி அந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. எனக்கு இரண்டு வயது மூத்தவர். கல்யாணமாகிப் பன்னிரண்டாம் வருடம் அண்ணன் மஞ்சள் காமாலையில் போனார். பிள்ளை இல்லை. நான் அதற்குள் மதராஸில் படித்து முடித்து, சேலத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "காதில் விழுந்ததை நம்பாதே, ஆவணத்தைப் பார்" என்பது வகுப்பில் நான் அடிக்கடி சொன்ன வாக்கியம். முப்பது வருடம் சொன்னேன். என் மாணவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். சிலர் அதைத் தங்கள் மாணவர்களுக்கும் சொல்கிறார்களாம்.

அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். கடைகளில் டப்பா நெய் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய வீட்டில் அண்ணியும் ஒரு கிழப் பசுவும் மட்டும்.

அப்பா என் பெயருக்கு எழுதிவைத்திருந்த அந்த வீட்டை வாங்கி இடித்துக் கடைகள் கட்ட ஆட்கள் அலைந்தார்கள். நான் மறுத்தேன். அதுவரைக்கும் நான் நல்லவன்தான். ஊரில் நூலகத்துக்கு இடம் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்பா பெயரில் தானமாகக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. வாசலுக்கு மேலே அப்பாவின் பெயர், கீழே சின்னதாக என் பெயர். அதைக் கற்பனை செய்து பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அண்ணியிடம் பேச்சை எடுத்தேன். அவர் பின்கட்டில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"முன்கட்டும் நடுக்கட்டும் சும்மாத்தானே கெடக்குது அண்ணி. லைப்ரரிக்குக் குடுத்தரலாம்னு பாக்கறேன். அப்பா பேருல."

"தாராளமாக் குடுங்க. நெய் இருந்த எடத்துல பொஸ்தகம் இருக்கட்டும். எறும்பு வராம பாத்துக்கச் சொல்லுங்க, அவ்வளவுதான்."

"பின்கட்டு உங்களுக்கு. அதுல ஒருத்தரும் தலையிட மாட்டாங்க."

அண்ணி உரிப்பதை நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, நான் ஒண்ணே ஒண்ணு கேப்பனுங்க. பதினேழு வயசுல அந்த முன்வாசல்ல வலது கால வெச்சு உள்ள வந்தேன். போறப்ப அதே வாசல்ல என்னையத் தூக்கிக்கிட்டுப் போகோணும்."

"என்ன அண்ணி, இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

"எங்கப்பன் ஊட்ல சொல்லித்தான் அனுப்புனாங்க. வாக்கப்பட்டு வந்த வாசல்லதான் பொணம் போகோணும்னு. உங்கண்ணன் போனப்ப என்னைய அழைச்சுக்கிட்டுப் போக எங்கண்ணன் வண்டி கட்டிக்கிட்டு வந்தாரு. போகலீங்க. எதுக்குன்னு நெனக்கறீங்க? அந்த ஒண்ணுக்குத்தான்."

"அது என் பொறுப்பு அண்ணி."

"சரி, படிச்சவங்க வாக்கு" என்று சிரித்துவிட்டு மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டார்.

பாதி வீடு செல்லாது

நூலகத் துறையில் பாதி வீட்டை வாங்க மாட்டோம் என்றார்கள். முழுதாகக் கொடுக்க வேண்டும். அதில் யாரும் குடியிருக்கக் கூடாது. பிற்பாடு வழக்கு வம்பு வரும் என்றார்கள். அதில் தவறே இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். "அப்படியானால் வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் செய்தி பரவிவிட்டது. கல்லூரியில் முதல்வர் மேடையில் வைத்துப் பாராட்டினார். பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தார்கள். ஓய்வு பெறப் போகிற வருடங்களில் ஒரு மனிதனுக்குப் பாராட்டு எவ்வளவு பெரிய போதை என்பது அந்த வயதுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்.

நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முதலில் முழுதாக எழுதிக் கொடுத்துவிடுவோம். கொஞ்ச நாள் போனதும் யாரையாவது பிடித்துப் பின்கட்டை மட்டும் அண்ணிக்கு விடச் சொல்லலாம். அண்ணியிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அதிகாரி வருகிற நாளுக்கு முதல் நாள் அண்ணியிடம் ஆள் அனுப்பி, "நாளைக்கு வீடு பார்க்க வருகிறார்கள்" என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

அன்று அண்ணி செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். முன்கூடத்துக்கு வந்து நின்றிருக்க வேண்டும். "நான் இங்கதான் குடியிருக்கறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லாம் நின்றிருக்கும். ஆனால் மணி அடித்தது. நாற்பது வருடத்துக்கு மேலாக மணி அடித்தால் எங்கே போக வேண்டுமோ அங்கே அவர் கால்கள் போய்விட்டன. போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கயிற்றை இழுத்தேன்.

இரண்டு தடவை அடித்த மணி

அதிகாரி தூண்களைத் தட்டிப் பார்த்தார். "அருமையான பில்டிங் சார். இப்பல்லாம் இப்படி யாரு குடுக்கறாங்க?" என்றார். பிறகு, "பின்னாடியும் ஒருவாட்டி பார்த்துடலாமா?" என்றார்.

எங்கள் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மணி அடித்த பிறகு நடுக்கதவை விரலால் தட்டினால், பின்கட்டுக்குள்ளும் ஆள் வருகிறார்கள் என்று பொருள். தச்சர், கொத்தனார் வரும்போது அப்படித் தட்டுவோம். பெண்கள் கொல்லைக்குப் போய் மாட்டுக்கொட்டகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வார்கள்.

நான் தட்டினேன். கொஞ்சம் பொறுத்துக் கதவைத் தள்ளினேன். தாழ்ப்பாள் விலக்கியிருந்தது.

பின்கட்டில் யாரும் இல்லை. ஆனால் அடுப்பில் தணல் இருந்தது. உலை வைத்த பானையின் மூடி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கொடியில் வெள்ளைப் புடவை ஒன்று, இன்னும் ஈரம் சொட்டியபடி.

அதிகாரி அடுப்பைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யாரோ இருக்காங்க போலிருக்கே சார்?"

"இல்லைங்க. பெருக்க வர்ற அம்மா. மத்தியானம் இங்கயே ஒரு வாய் ஆக்கித் தின்னுக்கும்."

"ஆக்கித் தின்னுக்கும்" என்றேன். அண்ணியை என் வாழ்நாளில் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆனால் சொன்னேன்.

"ஆள் குடியிருந்தா ஃபைல் நகராது, அதான் கேட்டேன்."

"யாரும் குடியில்லை."

"அப்ப ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுத்துடுங்க சார்."

நெய்ப் பாத்திரம் வைக்கும் கல்பலகையில் தாளை வைத்து எழுதினேன். மேற்படி கட்டடத்தில் யாரும் குடியிருக்கவில்லை, யாருக்கும் பாத்தியதை இல்லை. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

எழுதும்போது கொட்டகைத் தட்டிக்கு அந்தப் பக்கம் பசு காலை மாற்றி வைத்தது. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தது. பத்தடி தூரம். கொதி அடங்கும் ஓசையை முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்கிற காது அது.

ஜீப் போன பிறகு அண்ணி உள்ளே வந்தார். முகத்தைக் கழுவியிருந்தார்.

"காப்பி குடிக்கறீங்களா தம்பி?"

குடித்தேன். நல்ல காப்பி. அன்று செய்ததில் எதை நினைத்தால் இப்போது அதிகம் கூசுகிறது என்று கேட்டால், அந்தக் காப்பியைச் சொல்வேன்.

பின்வாசல் வழியாக

பத்திரம் பதிவான பிறகுதான் சொன்னேன்.

"பின்கட்டும் சேத்திங்களா?" என்று கேட்டார் அண்ணி.

"கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி. நான் பேசி வாங்கித் தர்றேன். அதுவரைக்கும் சேலத்துல நம்ம ஊட்ல வந்து இருங்க."

அண்ணி எழுந்தார். பசுவை ஒரு தோட்டக்காரரிடம் கொடுத்தார். ஒரு தகரப்பெட்டியில் துணிகளை அடுக்கினார். முன்வாசலில் கார் நின்றது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தார்.

"கார் முன்னாடி நிக்குது அண்ணி."

"தெரியும். முன்வாசல்ல இப்பப் போக மாட்டனுங்க தம்பி. அது வேற ஒரு நாளைக்கு."

பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துதான் காரில் ஏறினார்.

சேலத்தில் அஸ்தம்பட்டி வீட்டில் பதினொரு நாள் இருந்தார். என் மனைவி அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் காலை அறையைப் பெருக்கி, பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். ராசிபுரம் பஸ்ஸில் ஏறியதைப் பக்கத்துத் தெருக்காரர் பார்த்திருந்தார். ஊரில் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள் உண்டு. ஒரே வரிசையில் எட்டு ஒற்றை அறைகள். அதில் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டார். நான் மூன்று தடவை போய்க் கூப்பிட்டேன். காப்பி கொடுத்து அனுப்பினார்.

துறையில் பின்கட்டைக் கேட்டேனா? ஒரு தடவை கேட்டேன். "அங்க யாரும் குடியில்லைன்னு நீங்கதானே சார் எழுதிக் குடுத்திருக்கீங்க?" என்றார்கள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்பதென்றால் நான் பொய் எழுதினேன் என்று சொல்ல வேண்டும்.

நூலகத்தில் ஒரு காலை

நூலகம் திறந்து ஒரு மாதம் கழித்துப் போயிருந்தேன். திறப்பு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை.

முதல் நூலகர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். உற்சாகமான மனிதர். நடுக்கட்டில் புத்தகங்கள் அடுக்கியாகிவிட்டது. வெயில் ஏறினால் சுவரிலிருந்து நெய் வாசனை வருகிறது, எறும்பு அட்டையைத் தின்கிறது என்று சொல்லிச் சிரித்தார். பிறகு,

"பெருக்கறதுக்கு ஒரு நல்ல அம்மா கிடைச்சிருக்காங்க சார். எந்தக் கதவு எப்படித் திறக்கணும், மழைத்தண்ணி எங்க ஒழுகும், எல்லாம் அத்துப்படி. இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்கம்மான்னு கேட்டேன். 'இந்த ஊட்லதானுங்க'ன்னாங்க" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். முன்கூடத்தில் அண்ணி குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் போனேன். "அண்ணி, என்ன இது?"

"மெதுவாப் பேசுங்க தம்பி. லைப்ரரி."

"எனக்கு அவமானமா இருக்குது. ஊர்ல என்ன பேசுவாங்க?"

அவர் நிமிர்ந்தார். கோபமே இல்லை முகத்தில். "பெருக்க வர்ற அம்மான்னு நீங்கதான சொன்னீங்க? அப்படியே இருக்கட்டும்னு வந்துட்டனுங்க. கால எடுங்க, குப்பை போகோணும்."

காலை எடுத்தேன்.

ஊர் பேசத்தான் செய்தது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார்: "அப்பன் பேரு செவுத்துல. அண்ணி தரையில. புரொபசரு நல்லாத்தான் பிரிச்சுக் குடுத்திருக்காரு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ கொடுத்தவரும் சிரித்தார். அதன்பிறகு அந்த ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அண்ணி பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கே பெருக்கினார்.

முழு வீடு

மூச்சிரைப்பு வந்து அவர் வேலையை விட்ட பிறகு ஒரு தடவை லைன் வீட்டுக்குப் போனேன். என் மனைவி அதற்குள் இறந்திருந்தாள். அண்ணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் இருந்ததை அன்று சொல்லிவிட்டேன். மணியை வேண்டுமென்றே அடித்தேன் என்றேன்.

"தெரியுமுங்க" என்றார்.

பிறகு அவராகவே பேசினார். "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அத்தன வருசம் அந்த ஊட்ல இருந்தேன். முன்கூடத்துல ஒருநாளு உக்காந்ததில்லீங்க. மேல தூண்ல கிளி செதுக்கியிருக்குது, பாத்திருக்கறீங்களா? பெருக்கப் போனப்புறந்தான் நான் பாத்தேன். ஊட்டை முழுசாப் பாத்ததே அப்பத்தான்."

எனக்குள் ஏதோ இளகியது. ஒரு நல்லதாவது நடந்திருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"அதுக்குன்னு நீங்க செஞ்சது சரீன்னு ஆயிராதுங்க" என்றார் அண்ணி. "என்னையப் போக விடறப்ப மட்டும் அந்த வாசல்ல விடுங்க. அத மறந்துராதீங்க, சாமி."

என்னைவிட இரண்டே வயது மூத்தவர். சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல "சாமி" என்றார்.

"இந்தத் தடவை மறக்க மாட்டேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை

சென்ற வருடம் ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டு மணிக்குத் தொலைபேசி வந்தது. இப்போதைய நூலகர் மகேஸ்வரி பேசினார். முப்பத்தைந்து வயதுப் பெண். அண்ணிக்குக் கடைசி வருடங்களில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்தான்.

"சார், கமலம்மா தவறிட்டாங்க. விடியக்காலம் தூக்கத்துலயே. லைன் வீட்டுப் பொம்பளைங்க குளிப்பாட்டிட்டாங்க. ஊட்டு ஓனர் ரொம்ப நேரம் வெக்க வேண்டாங்கறார்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சார், அவங்க என்கிட்ட ஒரு ஆசை சொல்லியிருக்காங்க. உங்களுக்கும் தெரியும்னாங்க. இன்னிக்கு லைப்ரரி லீவுங்க, யாரும் வர மாட்டாங்க. பின்வாசல்ல உள்ள கொண்டுபோய், முன்வாசல்ல தூக்கிடலாம். பத்து நிமிசம். ஆனா நானாத் தெறக்க முடியாது. ஆபீசர்கிட்டப் பேசிட்டேன். உங்ககிட்டப் பேசறேன்னார்."

ஐந்து நிமிடத்தில் அவர் பேசினார். இளைஞர். மரியாதையாகப் பேசினார்.

"சார், வேலை பார்த்தவங்கன்னா என்னால அனுமதி குடுக்க முடியாது. நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க. ஆனா மகேஸ்வரி சொல்றாங்க, அவங்க அந்த வீட்டு மருமகள், அங்கயே வாழ்ந்தவங்கன்னு. அப்படின்னா விஷயம் வேற. நீங்க மூணு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. நான் திறக்கச் சொல்லிடறேன். என் பொறுப்பு."

தாளை எடுத்தேன். பேனாவை எடுத்தேன். என் மகன் செந்தில் எதிரே உட்கார்ந்திருந்தான். சேலம் கோர்ட்டில் வக்கீல்.

"என்னப்பா எழுதறீங்க?"

சொன்னேன்.

"யாரும் குடியில்லைன்னு ஒரு பேப்பர் ஏற்கெனவே ஃபைல்ல இருக்குதே? இப்ப மாத்தி எழுதினா அது பொய்னு நீங்களே ஒத்துக்கறதாயிடும். தாத்தா பேர் வெச்ச கட்டடம். நாளைக்கு எவனாவது தோண்டினா?" பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எழுத வேண்டாம்னு சொல்லலை. யோசிங்க."

அவன்மேல் குற்றம் இல்லை. அவன் சொன்னது சட்டம். தயங்கியது நான்.

யோசித்தேன். தாளில் தேதி மட்டும் எழுதியிருந்தேன். வெளியே மழை வலுத்தது. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது நிமிடம் ஆயிற்று. மகேஸ்வரி மறுபடி கூப்பிட்டார்.

"சார், சாவியோட முன்வாசல்லதான் நிக்கறேன். லைன் வீட்டுக்குச் சவ வண்டி வந்துருச்சாம். லெட்டர் அனுப்பிட்டீங்களா?"

"வேண்டாம்மா" என்றேன். "பொது இடம். எதுக்குச் சிக்கல்."

எதிர்முனையில் மழை பெய்யும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "சரிங்க சார்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

நானும் மகனும் நேராகச் சுடுகாட்டுக்குப் போனோம். எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்ததால் காரிலிருந்து இறங்கி மெதுவாக நடந்தேன். லைன் வீட்டுப் பெண்கள் சுடுகாட்டு எல்லை வரைக்கும் வந்திருந்தார்கள். "புரொபசரு வர்றாருங்க, வழி உடுங்க" என்றாள் ஒருத்தி. எல்லோரும் விலகினார்கள். தேவைக்கு அதிகமாகவே விலகினார்கள்.

வருகிற வழியில் வண்டி நூலகத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றதாம். ஓட்டுநரிடம் யாரும் நிறுத்தச் சொல்லவில்லையாம். மகேஸ்வரி சாத்திய கதவுக்கு வெளியே படியில் நனைந்துகொண்டு நின்றிருக்கிறார். பிறகு வண்டி போய்விட்டது.

அன்று நான் எழுத வேண்டியிருந்தது மூன்றே வரி. அந்த அதிகாரிக்கு இனி அது பயன்படாது. அண்ணிக்கும் பயன்படாது. என்றாலும் எழுதுகிறேன். என் பெயரும் கையெழுத்தும் இந்தப் பக்கத்தின் கீழே இருக்கின்றன. யாரும் எடுத்துக் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இறந்துபோன கமலம் என் அண்ணன் மனைவி.

நாற்பது வருடத்துக்கு மேல் அவர் அந்த வீட்டில் குடியிருந்தார்.

அங்கே யாரும் குடியில்லை என்று நான் முன்பு எழுதிக் கொடுத்தது பொய்.